இல்லாத பூவின் படம்

பிப்ரவரி 5

என் அன்பு வாலுக்கு,

அக்கா எழுதுவது. முழங்காலைத் தவிர மற்றபடி நான் நலமே. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நலமாக இருக்கிறீர்கள் என்று உன் எழுத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். மனசு சரியில்லாவிட்டால் உன் எழுத்து இடது பக்கம் சாயும். இந்த முறை நிமிர்ந்து நிற்கிறது.

கல்யாணமாகிப் பதினாலு வருஷம் ஆனவளை இன்னும் வால் என்று கூப்பிடலாமா என்று மாப்பிள்ளை உன் கடிதத்தின் அடியில் இரண்டு வரி எழுதியிருந்தார். சின்ன வயதில் நான் போன இடமெல்லாம் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு வந்தவளுக்கு வேறென்ன பெயர் வைப்பது என்று அவரிடம் சொல். நான் உனக்கு எழுதுவதை அவரும் படிக்கிறார் என்று இதிலிருந்து தெரிகிறது. படிக்கட்டும், நமக்குள் ஒளிக்க என்ன இருக்கிறது? வெளிநாட்டுக்குப் போய் எட்டு மாதம் வீட்டில் முடங்கியிருந்த மனிதருக்கு ஒரு பெரிய புள்ளியிடம் மேலாளர் வேலை கிடைத்ததில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். என்ன தொழில் என்று மட்டும் நீ எழுதவில்லை.

இங்கே செய்தி நன்றாக இல்லை. இரண்டு வருஷமாக நான் ஒரே செடியோடு குடித்தனம் நடத்துவது உனக்குத் தெரியும். மலைமேல் பாறை இடுக்கில் வளரும் சின்ன ஆர்கிட். ஒரே இலை, விரல் நீளத் தண்டு, நுனியில் ஊதாப் புள்ளி தெளித்த உதட்டோடு ஒரே பூ. இந்த மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லை என்கிறார் எங்கள் ஆராய்ச்சிக்கூடத் தலைவர். கழுத்தில் எப்போதும் லென்ஸ் தொங்குமே, பூதக்கண்ணாடி, அவர்தான். பூ வரைந்தாயிற்று, இலை வரைந்தாயிற்று, காய் மட்டும் பாக்கி. காய் இல்லாத தாவரப் படம் முகம் மட்டும் எடுத்த போட்டோ மாதிரி. ஆள் யார் என்று சொல்லும், கதையைச் சொல்லாது.

போன வாரம் காயை வரையலாம் என்று மலையேறினேன். வழக்கம்போல் காவலர் துணைக்கு வந்தார். மலையில் எந்த ஒற்றையடிப் பாதை எங்கே முடியும் என்று அவருக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். அதனால் அவருக்கு ஒற்றையடி என்றே பெயராகிவிட்டது. மூன்றாவது வளைவுப் பாறையில் பதினோரு செடி இருக்க வேண்டும். பதினோரு குழி இருந்தது.

எனக்கு அழுகை வரவில்லை வாலு. சந்தேகம்தான் வந்தது. எடுத்தவன் அவசரக்காரன் இல்லை. வேரையும் வேரைச் சுற்றிய மண்ணையும் சேர்த்து, கரண்டியால் அள்ளியதுபோல் எடுத்திருக்கிறான். குழியின் மேல் பாசியை இழுத்து மூடிவிட்டுப் போயிருக்கிறான். ஆடு மேய்ப்பவரோ விறகு பொறுக்குபவரோ செய்த வேலை அல்ல. செடியைத் தெரிந்த கை அது.

அபூர்வமான செடி எங்கே இருக்கிறது என்று எங்கள் படங்களில் எழுதக் கூடாது என்பது கூடத்தின் கண்டிப்பான விதி. இடம் தெரிந்தவர்கள் பூதக்கண்ணாடி, காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிப் பத்திரப்படுத்தும் ஒட்டுக்காரம்மா, ஒற்றையடி, நான். இந்த நாலு பேரில் மூன்று பேரை நான் இப்போது புதிதாகப் பார்க்கிறேன். பூதக்கண்ணாடிக்கு வெளிநாட்டிலிருந்து அழைப்பு வந்திருக்கிறதாம். யார் அழைத்தார்கள் என்று கேட்டால் லென்ஸைத் துடைக்கிறார். ஒட்டுக்காரம்மா நான் உள்ளே வந்தால் பேச்சை நிறுத்துகிறாள். என் குறிப்பேடு இருக்கும் இழுப்பறையின் இடுக்கில் தூரிகையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி ஒட்டிவைத்தேன். மறுநாள் அது தரையில் கிடந்தது. யாரோ திறந்திருக்கலாம். மின்விசிறிக் காற்றாகவும் இருக்கலாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஆனால் பேய் நிஜமாகவே வந்துபோன வீட்டில் அரளாமல் என்ன செய்வது?

போன பதினோரு செடியில் நாலாம் எண் செடியை நினைத்தால்தான் ஆறவில்லை. ஒன்பது நாள் அதன் எதிரில் குந்தியிருந்தேன். இலையின் வலது ஓரத்தில் புழு கடித்த அரைவட்டம், அதற்குக் கீழே பழுப்பாக ஒரு தழும்பு. அதையும் அப்படியே வரைந்தேன். பூதக்கண்ணாடி, "நீங்க வரைய வேண்டியது இனத்தை, இந்த ஒரு செடியை இல்லை. புழு கடிச்சதையெல்லாம் எதுக்கும்மா வரையறீங்க?" என்று கோபித்துக்கொண்டார். அச்சுக்குப் போகும் படத்தில் இலையை முழுசாக்கிவிட்டேன். என் குறிப்பேட்டில் கடி இருக்கிறது. இருப்பதைத்தான் வரைவேன், இல்லாததை வரைய மாட்டேன் என்று இருபத்தொன்பது வருஷமாக இருக்கிறேனே, அதை எப்படி விடுவது? லேபிள் எழுதச் சேர்ந்தவளை ஓவியர் நாற்காலியில் உட்காரவைத்தது அந்தப் பிடிவாதம்தான்.

'அக்கா, அந்தச் செடி வேறெங்காவது இருக்கிறதா? அதற்குப் பாதுகாப்பு உண்டா?' என்று அக்கறையாகக் கேட்டிருந்தாய். இருக்கிறது. பூதக்கண்ணாடியிடம்கூட நான் இன்னும் சொல்லவில்லை. ஓடை இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு பெரிய மரம் விழுந்து பாலம் போலக் கிடக்கிறது. அதைத் தாண்டி இடது கைப்பக்கம் இரட்டைப் பாறை. பின்புறம் நிழலில் ஏழு செடி. ஒற்றையடிதான் காட்டினார். வழக்கம்போலக் கடித ஓரத்தில் படம் போட்டிருக்கிறேன். உன்னிடம் சொன்னால் கிணற்றில் போட்ட கல். அதனால்தான் சொல்கிறேன்.

குட்டிக்கு என் முத்தங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


ஏப்ரல் 2

என் அன்பு வாலுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. தாமதமாக எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. இந்தப் பத்து நாளில் ஒரு பிரச்சினை முடிந்தது என்று சொல்லலாம். மனசு மட்டும் முடிந்ததாக ஒத்துக்கொள்ள மறுக்கிறது.

இரட்டைப் பாறைச் செடிகளும் போய்விட்டன. ஏழும். அதே கை, அதே கரண்டி, அதே பாசி மூடல்.

பார்த்த இடத்திலேயே எனக்குத் திருடன் யார் என்று புரிந்துவிட்டது. அந்த இடம் எனக்கும் ஒற்றையடிக்கும் தவிர யாருக்கும் தெரியாது. நான் எடுக்கவில்லை. மிச்சம் யார்? எனக்கு முன்னால் நின்றிருந்த அவர் காலைப் பார்த்தேன். புது பூட்ஸ். இத்தனை வருஷமாக ஒட்டுப்போட்ட செருப்போடு மலையேறியவருக்குத் திடீரென்று பூட்ஸ் எங்கிருந்து வந்தது? அதன் ஓரத்தில் செம்மண். ஓடைக்கரையில் மட்டும் இருக்கிற மண்.

அவர் குழிகளைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். என்ன நடிப்பு என்று நினைத்துக்கொண்டேன். இறங்கி வந்ததும் நேராக பூதக்கண்ணாடியின் அறைக்குப் போய் எழுத்தில் புகார் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "நிச்சயமா தெரியுமாம்மா? எழுதிக் கொடுத்தா நான் மேல அனுப்பியாகணும்" என்றார். நிச்சயம் என்றேன். அவருக்கே ஏன் இத்தனை தயக்கம் என்றுகூட ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டேன்.

மூன்றாம் நாள் ஒற்றையடியை இடைநீக்கம் செய்துவிட்டார்கள். சாவிகளை ஒப்படைக்க வந்தவர் என் மேசை அருகே நின்றார். நான் பச்சை கலந்துகொண்டிருந்தேன். கடையில் விற்கிற பச்சையை நான் தொடுவதில்லை என்பது உனக்குத் தெரியும். நீலமும் மஞ்சளும் கொஞ்சம் சிவப்பும் சேர்த்து நானே கலப்பேன். அவர், "அம்மா, ஒரு வார்த்தை என்கிட்டயே கேட்டிருக்கலாமே" என்றார். நான் தலை நிமிரவில்லை. அன்றைக்குக் கலந்த பச்சை சேறாகிப் போனது. கழுவிக் கொட்டினேன்.

இரக்கப்படுகிறேன் என்று நினைக்காதே. வேலியே பயிரை மேய்ந்தால் யார்தான் பொறுப்பார்கள்? ஆனாலும் இப்போது என்னால் யாரையும் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை. ஒட்டுக்காரம்மா புதுக் கைப்பை வாங்கினால் அதை எங்கே வாங்கினாள் என்று தோன்றுகிறது. குறிப்பேடுகளை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து, துணி அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர், "என்னம்மா, ரெண்டு பூட்டு போட்டுட்டுப் போறீங்க?" என்று சிரிக்கிறார். அவர் ஏன் என் பூட்டை எண்ணுகிறார்?

உனக்கு எழுதும்போது மட்டும்தான் தோள் இறங்குகிறது. உனக்கு ஏழு வயதில் ஒரு மாதம் காய்ச்சல் கண்டதே, ஞாபகமிருக்கிறதா? மருந்துப் பொட்டலக் காகிதத்தில் தினம் ஓர் இலை வரைந்து உன் தலையணை அடியில் வைப்பேன். அது என்ன இலை என்று நீ சொன்னால்தான் மறுநாளைக்கு அடுத்த இலை. முப்பது நாளில் ஓர் இலையைக்கூட நீ தப்பாகச் சொல்லவில்லை. என் படத்தை முதலில் நம்பியவள் நீ. அப்பா போன பிறகு, கல்யாணம் வேண்டாம், இந்த வேலையே போதும் என்று நான் சொன்னபோது எல்லோரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். நீ மட்டும், "அக்காவுக்குச் செடியே போதும், விடுங்க" என்றாய்.

இன்னும் எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாய். தேட வேண்டும். ஒற்றையடி இல்லாமல் எப்படித் தேடுவது என்றுதான் தெரியவில்லை. புது வீட்டில் எடுத்த போட்டோ அனுப்புவதாக எழுதியிருந்தாயே, காத்திருக்கிறேன்.

என்றும் உன் அக்கா


மே 20

அன்புள்ள தங்கைக்கு,

நலம். போட்டோ கிடைத்தது. குட்டி நன்றாக வளர்ந்துவிட்டாள். சிரிக்கும்போது நம் அம்மாவின் வாய் அப்படியே இருக்கிறது. பின்பக்கத்தில் அவள் கைப்பட, 'பெரியம்மா, அப்பா ஆபீஸ்ல பெரிய கண்ணாடி வீடு இருக்கு, உள்ள மழை பெய்யும்' என்று எழுதியிருக்கிறாள். நல்ல பிள்ளை. கேட்காமலே எல்லாம் சொல்கிறாள்.

உங்கள் சன்னலில் நல்ல வெளிச்சம். கிழக்குப் பார்த்ததா? குட்டியின் தோளுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தொட்டி தெரிகிறது. அதில் என்ன வளர்க்கிறாய்? படம் அந்த இடத்தில் கொஞ்சம் கலங்கல், எனக்குச் சரியாகத் தெரியவில்லை. வயதாகிறது.

உன் எழுத்து இந்த முறை இடது பக்கம் சாய்ந்திருக்கிறது. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

போன வாரம் ஒற்றையடியின் மனைவி வீட்டுக்கு வந்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சண்டை போட வந்திருப்பார் என்று கதவைப் பாதிதான் திறந்தேன். அவர் சத்தம் போடவே இல்லை. "பூட்ஸு என் தம்பி குடுத்ததுங்க. அவன் கட்டட வேலைக்குப் போறவன், அங்க குடுத்தது. நீங்க அதை எழுதியிருந்தீங்கன்னு சொன்னாங்க. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றார். படி இறங்கியவர் திரும்பி, "போன கோடையில அந்தச் செடிக்கெல்லாம் இவரு தோள்ல தண்ணி சுமந்தாருங்க. உங்ககிட்ட சொல்லலையா?" என்றார். சொல்லவில்லை. அவர் எதையும் சொல்கிறவர் இல்லை. நான் எதையும் கேட்கிறவளாகவும் இருந்ததில்லை.

சரி, அதை விடு. நீ மறுபடியும் கேட்டிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். ஆமாம், இன்னும் ஓர் இடம் கிடைத்திருக்கிறது. நானாகத் தேடிக் கண்டுபிடித்தேன். இந்த முறை இன்னும் விசேஷம்: பூ முழுக்க வெள்ளை. ஓர் ஊதாப் புள்ளிகூட இல்லை. இந்த இனத்தில் வெள்ளைப் பூவை இதுவரை யாரும் பார்த்ததில்லை. கண்ணாடி வீடு கட்டி அபூர்வச் செடி சேர்ப்பவர்கள் கேள்விப்பட்டால் தூக்கம் போய்விடும்.

மலை உச்சிக் கோபுரத்துக்குப் போகும் படிக்கட்டில் பாதி ஏறினால் உடைந்த கைப்பிடி ஒன்று வரும். அங்கிருந்து வலது பக்கம் இறங்கினால் ஈரமான ஒரு பள்ளம். அதன் மேல் விளிம்பில், பெரணிகளுக்கு நடுவே. பூதக்கண்ணாடிக்குத் தெரியாது, ஒட்டுக்காரம்மாவுக்குத் தெரியாது. குறிப்பேட்டில்கூட எழுதவில்லை. உனக்கு மட்டும் எழுதுகிறேன். படத்தை ஓரத்தில் போடாமல் தனித்தாளில் நன்றாகவே போட்டு, வழியையும் கீழே எழுதி இணைத்திருக்கிறேன். பத்திரமாக வைத்துக்கொள்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


ஜூலை 9

தங்கைக்கு,

இந்தக் கடிதத்தை நாலு தரம் எழுதிக் கிழித்தேன். ஐந்தாவது இது. மாப்பிள்ளை படிப்பார் என்று தெரிந்தே எழுதுகிறேன். ஆனால் நீ முதலில் படி.

போட்டோ வந்த அன்று மாலை வெளிச்சம் போவதற்குள் சன்னலடியில் உட்கார்ந்து, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கலங்கல் என்று எழுதினேனே, அது பொய். அவ்வளவு கலங்கல் இல்லை. வெள்ளைத் தொட்டியில் ஒரே இலை. வலது ஓரத்தில் புழு கடித்த அரைவட்டம், அதற்குக் கீழே தழும்பு. துணி அலமாரியிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, கவராயத்தால் அளந்து பார்த்தேன். இலையின் நீளத்துக்கும் கடியின் அகலத்துக்கும் என்ன விகிதமோ, இரண்டிலும் அதே விகிதம். பெற்ற தாய்க்குப் பிள்ளையை அடையாளம் தெரியாமல் போகலாம். ஒன்பது நாள் உட்கார்ந்து வரைந்தவளுக்கு இலை தெரியாமல் போகாது.

அதற்குப் பிறகும் என்னால் நம்ப முடியவில்லை. ஒற்றையடியைச் சந்தேகிக்க எனக்கு ஒரு ஜோடி பூட்ஸ் போதுமாக இருந்தது. உன்னைச் சந்தேகிக்கக் கண்ணால் கண்டதும் போதவில்லை. அதனால்தான் அந்தக் கடிதம். அப்படி ஒரு வெள்ளைப் பூ கிடையாது. படிக்கட்டுக்கு வலது பக்கம் பள்ளம் இருக்கிறது, பெரணி இருக்கிறது, வேறொன்றும் இல்லை. வெள்ளைப் பூவை நீர்வண்ணத்தில் வரைய வண்ணமே வேண்டாம். சுற்றிலும் நிழல் போட்டுக் காகிதத்தைச் சும்மா விட்டுவிட்டால் பூ வந்துவிடும். பத்து நிமிஷ வேலை. வரைந்து முடித்ததும் தூரிகையைக் கழுவினேன், கையைக் கழுவினேன், திரும்பத் திரும்பக் கழுவினேன். இருப்பதை மட்டுமே வரைந்த கை முதல் தடவையாகப் பொய் சொன்னது. அதுவும் உனக்கு.

ஐந்தாவது வாரம் அந்தப் பள்ளத்தில் இரண்டு பேர் பிடிபட்டார்கள். ஒற்றையடிக்குப் பதிலாக வந்த புதுக் காவலர் பிடித்தார். ஆளுக்கொரு சின்ன மண்வெட்டி, ஈரத்துணி, அட்டைப்பெட்டி. விளிம்பு முழுக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள் பாவம், ஒன்றும் கிடைக்கவில்லை. ஒருவன் சட்டைப்பையில் ஒரு நகல் இருந்தது. என் படத்தின் நகல். கீழே, உடைந்த கைப்பிடியிலிருந்து வலது பக்கம் என்று என் கையெழுத்து. யார் அனுப்பினார்கள் என்று அவர்களுக்குத் தெரியாதாம். வெளிநாட்டிலிருந்து தபாலில் வரும், எடுத்து அனுப்புவோம், அவ்வளவுதான் என்றார்களாம்.

பூதக்கண்ணாடி என்னைக் கூப்பிட்டு அந்தத் தாளை மேசைமேல் வைத்தார்.

"இது உங்க கைதானேம்மா?"

ஆமாம் என்றேன்.

அவர் லென்ஸை எடுத்துப் பூவை வெகுநேரம் பார்த்தார். "இப்படி ஒரு பூ இருக்கா?"

இல்லை என்றேன்.

"இல்லாததை நீங்க வரைஞ்சீங்களா?"

அவர் குரலில் கோபம் இல்லை. திருட்டைக் கேட்டபோதுகூட அந்த முகம் அப்படி வாடியதில்லை. இருபத்தொன்பது வருஷத்தில் அவர் என் படத்தைச் சந்தேகமாகப் பார்த்தது அன்றைக்குத்தான். இனி நான் எதை வரைந்து கொடுத்தாலும் ஒரு முறை செடியோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். பார்க்கத்தான் வேண்டும்.

இப்போது எல்லோரும் என்னைத்தான் சந்தேகிக்கிறார்கள். நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நிற்கிறது. இந்த முறை அது என் கற்பனை இல்லை. என் இழுப்பறைக்கு அலுவலகப் பூட்டு போட்டாயிற்று. நானும் ஒற்றையடியும் கூட்டு என்றும், பங்கில் தகராறு வந்து நான் அவரை மாட்டிவிட்டேன் என்றும் மேலிடத்தில் நினைக்கிறார்கள். அதனால் அவருடைய இடைநீக்கமும் நீடிக்கிறது. என்னால் அவருக்கு இது இரண்டாவது அடி. முப்பதாம் தேதி விசாரணை. அந்தப் படத்தை யாருக்கு அனுப்பினேன் என்று அன்றைக்கு நான் சொல்லியாக வேண்டும். "விசாரணையில் சொல்கிறேன்" என்று மட்டும் இதுவரை சொல்லியிருக்கிறேன்.

நேற்று ஒற்றையடியின் வீட்டுக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. அவர் மனைவி கதவை முழுசாகவே திறந்தார். நான் மன்னிப்பு என்று ஆரம்பித்தேன், ஒற்றையடி முக்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். நடந்ததை எல்லாம் சொன்னேன். உன்னையும் சொன்னேன். அவரிடம் மறைக்க எனக்கு உரிமை இல்லை. அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டார். பிறகு, "தங்கச்சின்னா நானும் எழுதியிருப்பேன்மா" என்றார். அதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். தயங்கித் தயங்கி, "ஒரு செடி இன்னும் மிச்சம் இருக்கும்மா. நான் பார்த்து வச்சிருக்கேன். காய் பிடிச்சிருக்கு. உங்ககிட்ட சொல்லலாமான்னுதான் தெரியலை" என்றார்.

"சொல்லாதீங்க" என்றேன்.

காய் இல்லாமலேயே என் படம் போகட்டும்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கிறேன். முதல் இடத்தைப் பற்றிப் போன வருஷமே உனக்கு எழுதியிருந்தேன். இரட்டைப் பாறையையும் எழுதினேன். நீ கேட்டாய், நான் எழுதினேன். அந்தக் கேள்விகள் உன் கேள்விகளா, பக்கத்தில் நின்று யாராவது சொல்லச் சொல்ல எழுதியவையா? எட்டு மாதம் வேலை இல்லாமல் இருந்த வீட்டில் என்னவெல்லாம் நடந்திருக்கும் என்று நான் யோசிக்காமல் இல்லை. ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்வது அது இல்லை. அந்தப் போட்டோதான். உன் வீட்டில் எத்தனை சுவர் இருக்கும், எத்தனை மூலை இருக்கும்? குட்டியை அந்தச் சன்னலில், அந்தத் தொட்டிக்கு முன்னால், கடிபட்ட இலை என் பக்கம் பார்க்கும்படி நிறுத்தியது யார்? முப்பது இலையை ஒன்றுகூடத் தப்பாமல் சொன்னவளுக்கு, அந்த இலையை அக்கா பார்த்தால் கண்டுபிடிப்பாள் என்று தெரியாதா?

தெரியாமல் அனுப்பியிருந்தால் உனக்கு ஒன்றும் தெரியாது, நீ பாவம். தெரிந்து அனுப்பியிருந்தால் உன்னால் வாயால் சொல்ல முடியாததைச் சொல்லிவிட்டாய், நான்தான் புரிந்துகொள்ள இத்தனை நாள் எடுத்தேன். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே, கிழவிக்கு என்ன தெரியப்போகிறது என்று எடுத்த படமாகவும் இருக்கலாம். தினமும் காலையில் இந்த மூன்றில் ஒன்றை நம்பிக்கொண்டு எழுந்திருக்கிறேன். மத்தியானத்துக்குள் அது மாறிவிடுகிறது. எது என்று நீதான் சொல்ல வேண்டும்.

நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும் முப்பதாம் தேதி நான் உண்மையைச் சொல்லிவிடுவேன். ஒற்றையடி மூன்று மாதமாக வீட்டில் இருக்கிறார். இனி ஒரு நாள்கூட என்னால் அவர் அங்கே உட்கார்ந்திருக்கக் கூடாது. உன் கடிதங்களை அடுக்கி நூலால் கட்டி வைத்திருக்கிறேன். அவற்றை விசாரணையில் வைக்க எனக்குக் கை வராது, ஆனாலும் வைப்பேன். அதற்கு முன்னால் உன் கையால் நாலு வரி பூதக்கண்ணாடிக்கு எழுது. கூடத்தின் முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். எழுத்து எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பரவாயில்லை. நான் சொல்லித் தெரிந்தால் நீ எங்களுக்குத் திருடன் வீட்டுக்காரி. நீயே சொன்னால் நீ என் தங்கை. அந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டு மிச்ச வாழ்க்கையை ஓட்டிவிடுவேன்.

அங்கே இருக்க முடியாது என்று தோன்றினால் குட்டியைக் கூட்டிக்கொண்டு கிளம்பி வா. என் வீட்டில் ஓர் அறை சும்மாதான் கிடக்கிறது. வந்து ஒன்றும் விளக்க வேண்டாம், நானும் கேட்க மாட்டேன்.

நீயும் குட்டியும் எந்தக் குறையும் இல்லாமல், யாருக்கும் பயப்படாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

எழுது வாலு.

உன் அக்கா